முன் சக்கரம் ஏன் ஆடுகிறது?

மலைச்சாலை விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் மாறுவதே இல்லை. "ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்தது." போளூரிலும் ஜவ்வாது மலையிலும் வேலை செய்கிற எங்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். இதை எழுதிவிட்டால் செய்தி முடிந்துவிடுகிறது, விசாரணையும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது. ஓட்டுநர் உயிரோடு இருந்தால் வழக்கு அவர்மேல். இறந்துவிட்டால் பழி மட்டும் அவர்மேல்.

கட்டுப்பாடு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? ஓட்டுநரின் கையில் இருப்பது ஒரு வளையம். அந்த வளையத்துக்கும் சாலையைத் தொடுகிற டயருக்கும் நடுவில் ஒன்றோடொன்று கோத்த இரும்புச் சாமான்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று தேய்ந்தாலும் கை திருப்புவது ஒரு அளவு, சக்கரம் திரும்புவது வேறு அளவு. இந்த இடைவெளிக்குப் பட்டறையில் 'ப்ளே' என்று பெயர். அண்மையில் எங்கள் குழுவின் பிக்அப் வண்டிக்கு முன்பக்க வேலை முழுவதையும் செய்தோம். அந்தச் சில நாட்களில் பட்டறையில் நின்று கற்றதை இங்கே எழுதுகிறோம். களத்தில் இருக்கும் இளம் தோழர்களுக்கு இது வண்டிப் பாடமாகவும் பயன்படும், அரசியல் பாடமாகவும் பயன்படும்.

முதலில் வண்டியைப் பற்றி. பழைய வண்டியாக வாங்கியது. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூருக்கும், அங்கிருந்து தார் முடிகிற இடத்தைத் தாண்டியும் போகும். ஏறும்போது விதை, நோட்டுப்புத்தகம், அரிசி. இறங்கும்போது சாமை, புளி, பலாப்பழம். காகிதத்தில் இது சரக்கு வண்டி. மலையில் சரக்கு மட்டும் ஏறும் வண்டி என்று ஒன்று கிடையாது. வலி எடுத்த கர்ப்பிணி, விடுதிக்குத் திரும்பும் பிள்ளைகள், ரேஷன் அட்டைத் தகராறுக்காகத் தாலுகா அலுவலகம் போகும் பாட்டி, எல்லாருமே பிக்அப்பை நிறுத்தித்தான் ஏறுகிறார்கள். பேருந்து வரும் ஊர்களில் அதன் நேரத்துக்கு நிற்கிறார்கள். பேருந்து வராத ஊர்களில் எந்த வண்டி வருகிறதோ அதுதான் பேருந்து.

எங்கள் ஓட்டுநர் தோழர் சில வாரங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்டியரிங்கு இடது பக்கமா இஸ்துக்கினு போவுதுக்கா. பள்ளத்துல உட்டா கட்டு கட்டுன்னு சத்தம் கேக்குது." டயரைப் பார்த்தோம். முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் பட்டன் அப்படியே இருந்தது. டயர் பொய் சொல்லாது என்றார் மெக்கானிக். சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை உரசிக்கொண்டே போயிருக்கிறது.

மெக்கானிக் போளூர்ப் பக்கத்துக் காலனிக்காரர். பன்னிரண்டு வயதில் கையாளாகப் பட்டறைக்குள் நுழைந்தவர். சான்றிதழ் எதுவும் கிடையாது. அவர் எங்களுக்குச் செய்துகாட்டிய சோதனையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினார். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக்கூடாது என்பதுதான் முதல் பாடம்.

"கடிகாரத்துல பன்னெண்டும் ஆறும் இருக்கிற எடத்துல புடிச்சி ஆட்டிப் பாருங்கக்கா" என்றார். மேலும் கீழுமாகச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினோம். டொக்கு டொக்கென்று ஆடியது. பிறகு ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்தச் சொன்னார். மறுபடி ஆட்டினோம். அப்போதும் ஆடியது. பிரேக் அழுத்தியதும் ஆட்டம் நின்றிருந்தால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக் அழுத்திய பிறகும் ஆடினால் கிங் பின் போயிருக்கிறது என்று பொருள். அடுத்து, ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில், பக்கவாட்டில் பிடித்து ஆட்டச் சொன்னார். அங்கே ஆடினால் டை ராட் எண்டைச் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வண்டியில் அதுவும் ஆடியது.

கிங் பின் என்பது ஒரு தடித்த எஃகு முளை. எங்கள் வண்டியைப் போல் முன்னாலும் பட்டை வைத்து, ஒரே அச்சாக வரும் வண்டிகளில் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவது இந்த முளையைச் சுற்றித்தான். முளைக்கும் அதைச் சூழ்ந்த இரும்புக்கும் நடுவே புஷ் இருக்கும். கிரீஸ் உயிரோடு இருக்கும்வரை புஷ் தாங்கும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸ் காய்ந்தால் முளையும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். டை ராட் இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பி. அதன் இரு முனையிலும் ஒரு குண்டு, குண்டைச் சுற்றி ஒரு கிண்ணம், மேலே ரப்பர் உறை. ரப்பர் கிழிந்தால் அதே கதைதான். முற்றிலும் தேய்ந்த குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு சக்கரம் அவர் சொல்லைக் கேட்காது.

வேலை இப்படி நடந்தது. ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, டை ராட் எண்டைத் தட்டி எடுத்தார். பழைய எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதினார். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால் சக்கரம் ஏறத்தாழப் பழைய நேர்கோட்டுக்கு வரும், பிறகு அலைன்மெண்ட் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கிங் பின் துருவேறி இறுகியிருந்தது. சூடேற்றி, சம்மட்டியால் அடித்து வெளியே தள்ளுவதற்குள் அரைநாள் போய்விட்டது. புது புஷ்ஷை அழுத்தி இறக்கி, முளை வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்கு ரீமர் போட்டு, கிரீஸ் அடித்தார். ஒரு பட்டையில் விரிசல் இருந்தது. அதையும் மாற்றி, யூ போல்ட் இறுக்கி, "நாலு நாள் ஓடினப்புறம் வாங்க, மறுபடி இறுக்கணும்" என்றார். எண்ணெய் கசிந்துகொண்டிருந்த ஷாக் இரண்டையும் மாற்றினோம். எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் சாயும்.

சாமானும் கூலியும் சேர்ந்து எங்களில் ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. நாங்கள் ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டோம். ஒற்றை வண்டியை மாதத்தவணையில் ஓட்டுபவர் என்ன செய்வார்? கம்பெனி சாமான் கேட்க மாட்டார். பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டை வாங்குவார், அதுவும் ஒரு பக்கத்துக்கு. அல்லது அடுத்த புளி சீசன்வரை தள்ளிப்போடுவார். முதலாளி வண்டிக்குச் சம்பள ஓட்டுநராக இருப்பவருக்கு அந்தத் தேர்வும் கிடையாது. "ஓட்டுறியா, சாவியைக் குடுக்குறியா" என்கிற பதிலோடு அவர் மலை ஏறுவார்.

மலை ஏன் முன்பக்கத்தை இவ்வளவு சீக்கிரம் தின்கிறது? இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் அந்த எடையோடு சேர்த்துச் சக்கரத்தைக் கடைசிவரை ஒடிக்க வேண்டும். நடுவில் ஒரு குழி வந்தால் அடி முழுவதும் கிங் பின்னிலும் டை ராட்டிலும் இறங்கும். இதில் பாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 30 பேர், ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் 1,500 கிலோ. அதே எடைக்கு மூட்டை ஏற்றினால் அது தரையோடு கிடக்கும். மனிதர்கள் நிற்கிறார்கள். வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்.

2022 ஏப்ரல் 2 அன்று இதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில், புலியூர் கிராமத்திலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்குப் போன பிக்அப் வண்டி பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும். அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த வண்டியின் முன்பக்கம் எப்படி இருந்தது என்று நாங்கள் ஊகிக்கப் போவதில்லை. நாங்கள் கேட்பது வேறு. முப்பது பேர் சாமி கும்பிடப் போவதற்கு ஒரு சரக்கு வண்டியைத் தவிர வேறு எதுவும் அந்த ஊருக்கு ஏன் கிடைக்கவில்லை? "சரக்கு வண்டியில் ஏன் ஏறினார்கள்" என்று சமவெளியில் இருந்து கேட்பது எளிது. அந்தக் கேள்வி பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து பார்த்து வளர்ந்தவர்களின் கேள்வி.

ஓட்டுநரைத் தாண்டிப் பார்க்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1929இல் பம்பாய் அரசு நியமித்த குழுவின் உறுப்பினராக அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். சாலிஸ்கானில் இறங்கியபோது அங்கிருந்த மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போகக் குதிரைவண்டி கேட்டார்கள். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் முன்வரவில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் ஓரக்கல்லில் மோத, அண்ணல் கல்தளத்தில் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் இதை எழுதும்போது அவர் அந்த ஓட்டுநரின் திறமையின்மையோடு கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஏன் ஓட மறுத்தார் என்ற இடத்துக்குப் போகிறார். கூலிக்கு வண்டியோட்டும் ஒருவர் பாரிஸ்டரான தன்னைவிடத் தன்னை மேலாக நினைக்கவைப்பது எது என்று காட்டுகிறார். இன்றைய காவல் நிலையத்தில் அந்த விபத்து பதிவாகியிருந்தால் 'அனுபவமற்ற ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற ஒரே வரியில் முடிந்திருக்கும். சாதி என்ற சொல் முதல் தகவல் அறிக்கையில் வந்தே இருக்காது.

நூறாண்டு நெருங்கும் இந்த நேரத்தில் நம் பிள்ளைகள் கடிவாளமும் பிடிக்கிறார்கள், ஸ்பானரும் பிடிக்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கிடம் எல்லாச் சாதிக்காரர்களின் வண்டியும் வேலைக்கு வருகிறது. வேலை நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறவர்களில் சிலர், அவர் வாங்கிவந்து தரும் டீயைக் குடிக்காமல் தெருமுனைக் கடைக்குப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "என் கை பட்ட ஸ்டியரிங்க நம்பி மலை எறங்குறாங்க. டம்ளர் மட்டும் ஒத்துக்கல." நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை, அடுத்த போல்ட்டை இறுக்கப் போய்விட்டார்.

சட்டத்துக்கு வருவோம். பலரும் நினைப்பதுபோலச் சட்டம் ஓட்டுநரை மட்டும் பார்க்கவில்லை. அமல்படுத்துகிறவர்கள்தான் அவரை மட்டும் பார்க்கிறார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு. இது ஓட்டுநர்மேல் தானாக வந்து உட்காரும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 190ஆவது பிரிவைப் படியுங்கள். ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் அதில் வருகிறார்கள். பழுது தெரிந்திருந்தாலும் குற்றம், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் பிடித்து ஆட்டுவது சாதாரணக் கவனம்தானே? அப்படியானால் உரிமையாளர் எங்கே?

2019இல் திருத்தம் செய்து 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிக்க வேண்டியவர் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஓட்டுநருக்குச் சிறை, சாலைக்காரருக்கு அபராதம் என்கிற ஏற்றத்தாழ்வு அதிலும் இருக்கிறது. இருந்தாலும் பிரிவு இருக்கிறது. எங்கள் பகுதியில் எந்தப் புகாரிலும் இந்த எண்ணை நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிவந்த பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 147ஆவது பிரிவு சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டும் கணக்கில் எடுக்கிறது. இதை மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தன் புளி மூட்டையோடு வரும் ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் காப்பீட்டு நிறுவனத்திடம் வாதாட வழி இருக்கிறது. பக்கத்தில் வெறும் கையோடு, காய்ச்சல் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவர் இறந்தால் அந்த வழி அடைபடுகிறது. இழப்பீட்டைத் தர வேண்டியவர் தவணை கட்ட முடியாத வண்டிக்காரர். ஏழையின் குடும்பம் இன்னொரு ஏழையின் வீட்டு வாசலில் நிற்கும்.

தகுதிச் சான்று, நாம் எஃப்சி என்கிறோமே, அது வணிக வாகனத்துக்கு முதல் 8 ஆண்டுகள்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சமவெளியில் ஓடும் வண்டிக்கும் தார் இல்லாத மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கும் ஒரே காலக்கணக்கு. எங்கள் வண்டியும் எஃப்சி முடித்த வண்டிதான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே டை ராட் ஆட ஆரம்பித்துவிட்டது.

சாலை கேட்டால் "வனத்துறை இடம், ஒன்றும் செய்ய முடியாது" என்பார்கள். வன உரிமைச் சட்டம் 2006இன் 3(2) பிரிவை அப்போது எடுத்துக் காட்டுங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் என்று அது பட்டியலிடும் 13 வசதிகளில் சாலையும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். நிபந்தனைகள் இவைதான். முடியாது என்ற சொல் சட்டத்தில் இல்லை. தீர்மானம் போட வேண்டியது கிராம சபை. அதை எழுதிக்கொடுக்க, நகல் வாங்க, பின்தொடர உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

எனவே தோழர்களுக்குச் சில வேலைகள். உங்கள் ஊருக்கு வரும் பிக்அப்பின் ஓட்டுநரோடு பேசுங்கள். மாதம் ஒருமுறை ஜாக் போட்டு முன்சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். கிரீஸ் அடிக்க ஆகும் செலவு மிகச் சிறியது. டயரின் விளிம்பைத் தடவிப் பார்க்கப் பள்ளி மாணவிக்குக்கூடத் தெரியும். பழுது தெரிந்தால் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டுநர் சொன்னார் என்பதற்கு நாளை அதுதான் சாட்சி.

விபத்து நடந்துவிட்டால், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை நகல் கேளுங்கள். சாலையின் குழி, தடுப்புச்சுவர் இல்லாத வளைவு எல்லாவற்றையும் அன்றே படம் எடுங்கள். மறுநாள் மண் கொட்டி மூடிவிடுவார்கள். புகாரில் 106 மட்டும் இருந்தால் 190ஐயும் 198ஏயையும் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடச் சொல்லும் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தேதியை நினைவூட்ட ஒருவர் வேண்டும்.

எங்கள் வண்டி இப்போது நேராக ஓடுகிறது. ஸ்டியரிங் இழுக்கவில்லை. ஆனால் தார் முடியும் இடத்தில் அதே குழிகள் அப்படியே இருக்கின்றன. புது புஷ்ஷும் அங்கேதான் போய்த் தேயப் போகிறது. அடுத்த கிராம சபைக்குப் பழைய கிங் பின்னைக் கையில் எடுத்துப்போகிறோம். ஒரு பக்கம் அரைக்கப்பட்டதுபோல் பள்ளம் விழுந்த அந்த எஃகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, சாலைத் தீர்மானத்தை முன்மொழியப் போகிறோம். பக்கத்து ஊர்களில் இருக்கும் தோழர்கள் உங்கள் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். இப்படித் தேய்ந்த சாமான்கள் ஒவ்வொரு மூலையிலும் கிடக்கும். எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.